மெகா பிளாக் ஞாயிறு

நால்வர் என்றால் எங்கள் வீட்டுச் சுவரில்
கண்ணாடிச் சட்டத்துக்குள் வேறு நால்வர்.
இவர்கள் சுனாபட்டி தேவாலயத்தின் பின்கூடத்தில்
மடக்கு நாற்காலி கிறீச்சிட உட்காரும் நால்வர்.
பல் மருத்துவர் ரோஷன் கட்ரக் முதல் வயலின்,
வங்கியைப் பூட்டிவிட்டு ஓடி வரும் தாம்ஸே இரண்டாவது,
வயோலா அனிசெட்டோ,
செல்லோ ஆண்டாப்ஹில் மகரபூஷணம்.
ஒரே ஒரு ஸ்டேஷன் தூரத்துக்கு
லக்கேஜ் பெட்டியில் மீன்கூடைகளோடு
அந்தக் கருவியைக் கட்டிப்பிடித்து நின்று வருகிறவன்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஆறு கச்சேரி.
சந்தா நானூறு, தேநீர் இலவசம்.
பிஸ்கட் விஷயத்தில் போன வருஷம் சண்டை வந்தது.

நான் எதுவும் வாசிப்பதில்லை.
ரயில்வேயில் உத்தியோகம்,
ஹார்பர் லைன் நேர அட்டவணைப் பிரிவு.
கூடத்துக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில்
ஒரு சுவர், ஒரு முருங்கை மரம்.
எட்டு நிமிடத்துக்கொரு தரம்
ஜன்னல் கம்பிகளும் வாசிக்க ஆரம்பிக்கும்.
முதல் வருஷ ஒத்திகையில்
யாரும் கேட்காமலே
மகரபூஷணத்தின் தாளில் பென்சிலால் எழுதினேன்:
இங்கே பன்வேல் வண்டி.
இரண்டு பக்கம் தள்ளி: இங்கே சிஎஸ்எம்டி.

அதுவே பழக்கமாயிற்று.
வண்டி வருமிடத்தில் வில்லைத் தூக்கி
மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள்.
கடைசிப் பெட்டி கடந்ததும்
விட்ட சுரத்திலேயே வந்து இறங்குவார்கள்.
புதிதாய் வந்தவர்கள்
இசையமைத்தவரே அப்படி எழுதியதாய் நம்பினார்கள்.
ஒரு பெண்மணி
சரியாக அந்த இடைவெளியில்தான் கண் துடைத்துக்கொண்டார்.

மெதுவான அந்தப் பகுதியை
ஒரே ஒரு தடவை
அறுபடாமல் கேட்க எனக்கு ஆசை.
கடைசிக் கச்சேரிக்கு நாள் கேட்டபோது
என் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்த
பராமரிப்பு அறிவிப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்:
பதினாறு, ஞாயிறு, மூன்று மணி.
பதினொன்று பத்திலிருந்து நாலு பத்துவரை
அந்தப் பாதையில் வண்டி கிடையாது என்பதை
சொல்லவில்லை.

வாஷியிலிருந்து வரும் பதினான்கு பேரும் வரவில்லை.
மகரபூஷணம் டாக்ஸியில் வந்தான்,
செல்லோவுக்கு அறுபது ரூபாய் கூடுதலாம்.
அறுபது நாற்காலியில் பத்தொன்பது நிரம்பியது,
அதிலும் ஒன்றில் கைப்பை.
நான் பின்வரிசையில்
திருடியவள்போல் உட்கார்ந்திருந்தேன்.

மெதுவான பகுதி.
பன்வேல் வண்டி வரவேண்டிய இடம்.
நால்வரும் வில்லைத் தூக்கினார்கள்.

வரவில்லை.

முருங்கையில் ஒரு காக்கை கிளை மாறியது.
பின்சந்தில் யாரோ குக்கரை இறக்கினார்கள்.
ரோஷன் தாம்ஸேயைப் பார்த்தார்,
தாம்ஸே அனிசெட்டோவை,
அனிசெட்டோ தன் முழங்காலை.
மகரபூஷணம் நேராக என்னைப் பார்த்தான்.
பென்சில் எழுத்து என்னுடையதுதானே.

வாசியுங்களேன் என்று
எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது.
வாசிக்கவில்லை.
பன்னிரண்டு பெட்டி போகும் நேரம்
தூக்கிய வில் தூக்கியபடி.
அந்த நேரம் எனக்கு நொடிக்கணக்காய்த் தெரியும்.
வராத வண்டியின் ஒவ்வொரு பெட்டியாய்
நானும் எண்ணினேன்.
கடைசிப் பெட்டி போனது.
விட்ட சுரத்திலேயே வந்து இறங்கினார்கள்.

எல்லாம் முடிந்து
நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருக்கையில்
நாலு பதினான்குக்கு முதல் வண்டி,
ஏறக்குறையக் காலியாக.
ஜன்னல் கம்பிகள் பேசின.
ரோஷன் தலையசைத்தார், தாமதமாய் வந்த வித்வானுக்குப்போல.

பிஸ்கட் நாற்பத்தொன்று மிச்சம்.
டப்பாவில் அடுக்கிக்கொண்டிருந்தேன்.
மகரபூஷணம் செல்லோ உறையின் ஜிப்போடு மல்லாடியபடி கேட்டான்:
"அட்டவணை மறுபடி எப்போ மாறுது?"
"அக்டோபர்ல."
"அப்ப ரப்பரும் கொண்டுவாங்க" என்றான்,
இரண்டு பிஸ்கட் எடுத்துக்கொண்டு.